பதிலி ஆட்டக்காரன்

அன்று காலை மில் கேட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

மில் கபடி டீமின் கேப்டன் இருந்தார். ஸ்பின்னிங்கில் மேஸ்திரி, பதினெட்டு வருஷ சர்வீஸ். இடது மூலையில் நின்று கால் பிடிக்கிற வெல்டர் இருந்தார். வலது மூலைக்காரர் இருந்தார், அவருக்கு முன்பல் இரண்டு கிடையாது. நடுவில் நிற்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். கேன்டீனில் வேலை பார்க்கிற, பாடிக்கொண்டு ஏறிப் போகிற ஒருவர் இருந்தார். டைம் ஆபீஸ் எழுத்தர் கம்பிக்கு உள்ளே இருந்தார். வாட்ச்மேன் ஸ்டூலில் இருந்தார். நான் இருந்தேன்.

பத்து ஆட்டக்காரர்கள் வந்திருக்க வேண்டும். ஏழு பேர்தான் வந்தோம். மூன்று பேருக்கு வழி இல்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்ட வாரம் அது. புரட்டாசி பிறந்திருந்தது. திங்கட்கிழமை. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் இல்லை. சாலையோரத்துப் புளியமரங்கள் எல்லாம் குறுக்கே கிடந்தன. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் காலனியிலிருந்து மில்லுக்கு நான் எத்தனையோ நாள் நடந்து வந்திருக்கிறேன். அன்றும் நடந்துதான் வந்தேன். பதினேழு மரம் தாண்டினேன்.

புதனும் வியாழனும் ஆத்தூர் பக்கத்து மில் ஒன்றில் கபடிப் போட்டி. மில்களுக்குள் நடக்கிற கோப்பை.

"ரோடு பூரா மரம். எப்டி போறதாம்?" என்று வெல்டர் கேட்டார்.

"மேனேஜர் போவச் சொல்றாரு," என்றார் எழுத்தர். "அவங்க போன் பண்ணிட்டாங்க. சேலம் பக்கத்து டீமுங்க வந்துடுச்சாம். நாம போவலன்னா கப்பு அவங்களுக்கு."

"மேனேஜர் கார வுடச் சொல்லுங்க."

"காரு ஷெட்டுல கீது. டயரக் கொளுத்திடுவாங்கன்னு அவரே சைக்கிள்ல வந்துட்டுப் போறாரு."

யாரும் சிரிக்கவில்லை. வாட்ச்மேன் மட்டும் சிரித்தார்.

கேப்டன் யோசித்தார். "மலையடியாவே போலாம்," என்றார். "கல்வராயன் மல ஓரமா மாட்டு வண்டித் தடம் கீது. ரெண்டு நாளு நடந்தா போய்ச் சேந்துடலாம். அங்க ரோடே இல்ல. மரத்த வெட்டிப் போட்டும் பிரயோஜனம் இல்ல."

எழுத்தர் பேரேட்டைத் திறந்தார். "போறது ரெண்டு, ஆட்றது ரெண்டு, வர்றது ரெண்டு. ஏழு பேருக்கும் ஆறு நாளு டூட்டி போட்டுடறேன். கப்போட வாங்க."

ஏழு பேருக்கும் என்றார். எனக்கு அது போதும்.

நான் மில்லில் பதிலி. நிரந்தரத் தொழிலாளி வராத அன்று அவர் இடத்தில் நிற்கிறவன். ஷிப்டு மாறுகிற நேரத்தில் கேட்டில் நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து விரலால் காட்டுவார். காட்டினால் அன்றைய வேலைக்குச் சீட்டு. காட்டாவிட்டால் அடுத்த ஷிப்டு வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் சேர்ந்தால் நிரந்தரம். அது சட்டம் என்று யூனியன் ஆள் சொன்னார். மில்லும் இல்லை என்று சொல்லவில்லை. யாரும் அந்தக் கணக்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்றவர்களில் பலர் நானூற்று அறுபது, நானூற்று எழுபது என்று நின்று போனவர்கள்.

என் இரண்டு வருஷம் மார்கழிக் கடைசியில் முடிகிறது. அந்தத் திங்கட்கிழமை என் கணக்கில் நானூறு சீட்டு இருந்தது. ட்ரங்குப் பெட்டியில் சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். பத்துக்கு ஒரு கட்டு.

மில் என்னை எடுத்ததே கபடிக்காக. வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. ஐந்தாவது வரை படித்தேன். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டினார்கள். நானும் வெட்டினேன். கோமுகி ஆற்று மணலில் காலனிப் பையன்களோடு சடுகுடு ஆடிப் பழகினேன். மணலில் ஆடினால் காலுக்குப் பலம் வரும். மூச்சும் தாங்கும். பதினேழு வயதில் மாசித் திருவிழாவில் பக்கத்து ஊர்க்காரர்கள் என்னைக் கூட்டிப்போனார்கள். அவர்கள் ஊரில் ஏறிப் போக ஆள் இல்லை. சோறு, பஸ் காசு, ஒரு துண்டு. ஜெயித்தால் கூடக் கொஞ்சம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போட்டி நோட்டீஸில் உள்ளூர் ஆட்டக்காரர்கள் மட்டும் என்று அடித்திருப்பார்கள். எந்த ஊரும் உள்ளூர்க்காரனை மட்டும் வைத்து ஆடாது. வெளியாளைக் கொண்டு வந்து உள்ளூர்க்காரன் ஒருவன் பெயரில் இறக்கும். எதிர்ப்பக்கமும் அதையே செய்யும். அம்பயருக்கும் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் இரண்டு பக்கமும் ஆள் கம்மியாகிவிடும்.

அப்படி நான் எத்தனையோ பெயரில் ஆடினேன். செட்டியார் வீட்டுப் பையன் பெயரில், வாத்தியார் மகன் பெயரில், பட்டாளத்துக்குப் போனவன் பெயரில். ஒரு தடவை சங்கராபுரம் பக்கத்தில் அம்பயர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் போகவில்லை. எவன்டா அவன் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் என் தொடையில் கிள்ளி, "நீதான்டா அது, போ," என்றான். அந்தச் சீசனில் அது எனக்கு ஒன்பதாவது பெயர்.

ஊர் ஆட்டத்தில் களத்துக்குள் எல்லாரும் ஒன்று. கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள், தொடையைக் கட்டிப் பிடிப்பார்கள், ஒருவர் வேர்வை ஒருவர் மேல் இருக்கும். கோட்டுக்கு வெளியே வந்தால் எனக்கு டீ தனி கிளாஸில் வரும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்கு எல்லா ஊரிலும் அப்படித்தான்.

இருபத்திரண்டு வயதில் மில் ஆள் வந்து பார்த்தார். வா என்றார். போனேன். மில்லிலும் அதே வழக்கம்தான் இருந்தது. மில் கோப்பையில் நிரந்தரத் தொழிலாளிதான் ஆட வேண்டும். நான் பதிலி. அதனால் ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை முடிந்து விடுகிற சைடர் வேலை பார்த்த ஒருவர் பெயரில் என்னைப் போட்டார்கள். நாற்பத்தொரு வயது. தலையில் முடி கிடையாது. மெலிந்த ஆள். வாழ்நாளில் கபடி ஆடியதில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். "ஆடிட்டுப் போட்டும், எனக்கு இன்னா," என்றார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. களத்தில் அவர் பெயரைச் சொல்லித்தான் எனக்குக் கை தட்டினார்கள்.

அதுவரை நான் மில்லுக்கு ஆடியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். லீவு நாள். யார் பெயரில் ஆடினாலும் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேலை நாளில் ஆட்டத்துக்குப் போனது அந்த வாரம்தான் முதல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிலி என்பதால் என்னைப் பெரும்பாலும் புளோரூமில்தான் போடுவார்கள். பஞ்சுப் பொதியைப் பிரித்து அடிக்கிற இடம். காற்றெல்லாம் பஞ்சு. மூக்கில், காதில், தொண்டையில். ஏறிப் போகிறவனுக்கு மூச்சுதான் எல்லாம். கபடி கபடி என்று பாடுகிற பாட்டு அறுந்தால் அவுட். வேறு டிபார்ட்மெண்ட் கொடுங்கள் என்று கேப்டனிடம் ஒரு தடவை கேட்டேன். "பர்மனென்ட் ஆவு, கேட்டு வாங்கித் தர்றேன்," என்றார். மில்லுக்கு வந்தபோது ஒரே மூச்சில் நாற்பத்தைந்து எண்ணுவேன். இரண்டாவது வருஷம் முப்பது ஆனது.

நடந்தோம். ஆளுக்கு ஒரு பை. கேன்டீன்காரர் ஒரு சாக்கில் அரிசியும் வெங்காயமும் கொண்டுவந்தார். முதல் நாள் மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு போனோம். வெயில் அதிகம். முள்ளும் சரளைக் கல்லும். வழியில் கேப்டன் போராட்டத்தைப் பற்றிப் பேசினார். அது அவருடைய ஜனத்தின் போராட்டம்.

"அவங்க கேக்கறதுல தப்பு இல்ல," என்றார். "எங்க தெருவுல பத்தாவது பாஸ் பண்ணவன் பதினாலு பேரு மாடு மேச்சிகினு கீறான். எத்தினி வருஷம் மனு குடுக்கறது."

"மரம் இன்னா பண்ணுச்சு?" என்றார் வெல்டர்.

"மரத்த வெட்னாதான் கேக்கறாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்காவது எழுதி வெச்சிருக்குது."

"எழுதி வெச்சது எனக்குத் தெரியாது, கேப்டன்," என்றேன். "எனக்கு எண்பது நாளு பாக்கி. அதுதான் தெரியும்."

ஊரில் என்றால் அவரை நான் வேறு விதமாகக் கூப்பிட வேண்டும். மில்லில் கேப்டன் என்றால் போதும். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மலையடியில் ஒரு வீட்டில் தங்கினோம். மலைக்காரர்கள். சாமைச் சோறும் அவரைக்காயும் கொடுத்தார்கள். கீழே எதற்கு மரம் வெட்டுகிறார்கள் என்று அந்த வீட்டு அம்மா கேட்டது. வேலைக்கு என்றார் கேப்டன். மரம் வெட்டுகிறதே வேலைதானே, அதற்குக் கூலி கொடுக்க மாட்டார்களா என்று கேட்டது. நாங்கள் படுத்துவிட்டோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் வண்டித் தடம் ஒரு தார் ரோட்டைக் கடக்கிற இடத்துக்கு வந்தோம். அங்கே ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. பச்சை மர வாசனை. பத்துப் பன்னிரண்டு பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கோடாலி, ரம்பம்.

"யாருப்பா, எங்க?"

"கபடி ஆடப் போறோம்," என்றார் கேப்டன்.

"நாடே எரியுது. இவங்க கபடி ஆடப் போறாங்களாம்."

சிரித்தார்கள். கேப்டன் தன் ஊர், தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னார். தலையில் துண்டு கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். கேப்டனுடைய மாமனார் ஊர் அவருக்குப் பக்கம். "அப்ப எங்களுக்கு நீங்க மாமா முறை. உக்காருங்க மாமா," என்றார். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவர்கள் ஆறு பேரும் சொல்லக்கூடியவர்கள்.

என்னிடம் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் கேப்டன் சைடருடைய பெயரைச் சொன்னார். அவர் ஊரைச் சொன்னார்.

துண்டு கட்டியவர் என்னைப் பார்த்தார். "எங்க சின்னம்மாவ அந்த ஊர்லதான் குடுத்துக்கீது. அந்தப் பேர்ல ஒருத்தர எனக்குத் தெரியும். மில்லுலதான் வேல. அவருக்குத் தலையில முடியே இல்லியே, மாமா."

"அவரு பெரிய வூடு. இவன் சின்ன வூட்டுப் பங்காளி மொவன். தாத்தா பேரு ஒன்னுதான், ரெண்டு பேருக்கும் வெச்சிட்டாங்க."

"ஏம்பா, நீ சொல்லேன். வாயில இன்னா கொழுக்கட்டயா?"

"ஆமாங்க," என்றேன். "தாத்தா பேரு."

"இந்த ஒடம்ப வெச்சிகினு கபடியா? போலீசுக்கு வேவு பாக்க வந்தவனாட்டம் கீறான்."

"நல்லா ஆடுவான், மாப்ள," என்றார் கேப்டன்.

"ஆடட்டும் பாப்பம். ஆட்டக்காரன்னா போவட்டும்."

கோடாலிக் காம்பால் தார் ரோட்டுப் புழுதியில் ஒரு கோடு இழுத்தார்கள். அவர்களில் நான்கு பேர் அந்தப் பக்கம் நின்றார்கள். பின்னால் மரம். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. பிடித்த கை யாரைப் பிடித்தது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. பாடிக்கொண்டு போனேன். அவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லை. முதலில் ஓரத்தில் நின்றவன் தோளைத் தொட்டேன். அடுத்து இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். குனிந்து இரண்டு பேர் முழங்காலையும் தட்டினேன். திரும்பினேன். வெட்டிய கிளையின் கட்டை ஒன்று தார் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. இடது கால் அதில் மாட்டியது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பாட்டை விடாமல் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தேன்.

கை தட்டினார்கள். துண்டு கட்டியவர் முதுகில் தட்டினார். "ஆட்டக்காரன்தான் மாமா. சந்தேகமே இல்ல." மோர் கொண்டுவரச் சொன்னார். ஒரே சொம்பு. கேப்டன் குடித்தார், வெல்டர் குடித்தார், எனக்கும் அதே சொம்பு வந்தது. குடித்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு கேப்டன் பக்கத்தில் வந்தார்.

"கால் வலிக்குதா?"

"இல்ல, கேப்டன்."

"பேர மாத்திச் சொல்லிட்டன்னு நெனச்சிக்காத. அங்க வேற வழி இல்ல."

"பழக்கந்தான்," என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது முழங்கால் பூசணி அளவு வீங்கியிருந்தது. வெல்டர் உப்பும் புளியும் காய்ச்சிப் பற்று போட்டார். ஏழு பேர்தான். எனக்கு மாற்று ஆள் கிடையாது. நான் உட்கார்ந்தால் ஆறு பேரோடு ஆட வேண்டும். உட்காரவில்லை.

நான்கு டீம்தான் வந்திருந்தது. அம்பயர் பட்டியலைப் படித்தார். என் பக்கம் வந்ததும் மறுபடியும் பார்த்தார்.

"வயசு நாப்பத்தொன்னா?"

"ஆமா, சார்," என்றார் கேப்டன்.

"நல்லா வெச்சிருக்காரு ஒடம்ப," என்றார் அம்பயர். அவருக்கும் வழக்கம் தெரியும்.

முதல் நாள் மூலைக்காரருக்குப் பக்கத்தில் நின்று பிடித்தேன். ஏறிப் போகவில்லை. கேன்டீன்காரர் பார்த்துக்கொண்டார். அன்று சுலபமாக ஜெயித்தோம். இரண்டாம் நாள் கடைசி ஆட்டம். கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கேன்டீன்காரரும் தம்பியும் அவுட் ஆகி வெளியே இருந்தார்கள். ஏறிப் போகிற முறை எங்களுடையது. கேப்டன் என்னைப் பார்த்தார்.

"ஒன்னும் பண்ண வேணாம். உள்கோட்டத் தாண்டி நில்லு, தாண்டலன்னா அவுட்டு. விசிலு வர்ற வரைக்கும் பாடு. தொடாத. கிட்டப் போவாத."

நொண்டிக்கொண்டு போனேன். உள்கோட்டைத் தாண்டி ஒரு காலில் நின்றேன். பாடினேன். அவர்கள் நெருங்கி வந்தார்கள். நான் பின்னால் ஓட மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையில் இரண்டு வருஷத்துப் பஞ்சு. இருபதுக்கு மேல் மார்பு எரிந்தது. அவர்கள் மூலைக்காரன் என் நல்ல காலுக்குக் கையை நீட்டியபோது விசில் அடித்தது.

ஜெயித்தோம். கோப்பையைக் கேப்டன் துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார். திரும்பி வருகிறபோது அண்ணனும் தம்பியும் என்னை மாற்றி மாற்றித் தாங்கினார்கள். மரம் கிடந்த இடத்தில் ஆள் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் மில்லுக்கு வந்தோம். கோப்பை மேனேஜர் அறைக்குப் போனது.

இரண்டு வாரம் படுத்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் சீட்டு இல்லை. கட்டுப் போடுகிறவர் கச்சிராயபாளையத்தில் இருந்தார். மூன்று மாசம் காலை ஊன்றாதே என்றார். மூன்று மாசம் என்றால் மார்கழி. பதினைந்தாம் நாள் கேட்டில் போய் நின்றேன்.

அந்த மூன்று மாசத்தைப் பற்றிச் சொல்ல ஜாஸ்தி இல்லை. ஒரு ஷிப்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஷிப்டு. அதுவும் கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்தது. முழங்காலில் துணி சுற்றியிருப்பேன். நொண்டுகிறது தெரியாமல் இருக்க மேஸ்திரி வருகிற நேரத்தில் சுவரில் சாய்ந்து நிற்பேன். கேப்டன் முறை வந்தால் என்னைத்தான் முதலில் காட்டுவார். மற்ற மேஸ்திரிகள் அவரவர் ஆளைக் காட்டுவார்கள். தீபாவளிக்கு மறுநாள் யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும், அன்று விடிவதற்கு முன்னால் போனேன். பொங்கலுக்கு முன்னால் எல்லாரும் லீவு போடுவார்கள், அதுவும் எனக்கு நல்லதாகப் போயிற்று. வீட்டில் சீட்டை எண்ணுவேன். எழுபத்து நாலு சீட்டு சேர்ந்தது. முன்னால் இருந்த நானூறு. ஆட்டத்துக்குப் போன ஆறு நாள், அதற்குச் சீட்டு கிடையாது, பேரேட்டில் இருக்கிறது. அந்த ஆறு நாளுக்குக் காசு வரவில்லை, ஆட்டத்துக்குப் பதிலிக்கு நாள் மட்டும்தான், கூலி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். கடைசிச் சீட்டு மார்கழி முடிய ஒரு நாள் இருக்கும்போது விழுந்தது.

அன்றே எழுத்தரிடம் போனேன். பேரேட்டைப் பார்த்து ஆறு நாள் இருக்கிறதா என்று சொல்லச் சொன்னேன். அவர் பக்கம் புரட்டினார். விரலை வைத்துப் பார்த்தார்.

"உனக்கு அந்த வாரம் ஒன்னும் இல்லியே."

"ஆட்டத்துக்குப் போனது, சார். ஏழு பேருக்கும் போடறன்னு சொன்னீங்க."

"ஏழு பேருக்கும் போட்டுக்கீறேன். இதோ." ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஏழாவது பெயர் சைடருடையது. ஆறு கட்டத்திலும் டூட்டி என்று எழுதியிருந்தது.

எழுத்தரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஐயோ," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "லிஸ்ட்ட அப்டியே பாத்து எழுதிட்டேன்பா."

அன்று கேட்டில் என் முகத்தைப் பார்த்துத்தான் ஏழு பேர் என்று சொன்னார். எழுதும்போது பட்டியலைப் பார்த்து எழுதினார். நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் மற்றவர் பெயரில் ஆடியவன், அந்தப் பெயருக்கு நாள் போகும் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் சைடர் வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை வீடு. உட்காரச் சொன்னார். சொன்னேன்.

"சம்பளக் கவர்ல ஆறு நாளு ஜாஸ்தியாதான் இருந்துது," என்றார். "மரம் போட்ட வாரமாச்சே, வர முடியாதவங்க எல்லாத்துக்கும் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். ஆறு நாளு காசு தர்றேன், வாங்கிக்க."

"காசு வேணாங்க. நாளு வேணும்."

தலையைத் தடவினார். "நான் வந்து சொல்றதுக்கு ஒன்னும் இல்ல. ஆனா இன்னான்னு சொல்வேன்? என் பேர்ல இவன் ஆடினான்னு எழுதிக் குடுத்தா, ஆள் மாறாட்டம்னு நம்ம ரெண்டு பேரையும் கேட்டுக்கு வெளிய நிக்க வெப்பான். எனக்குப் பொண்ணு கல்யாணம் தையில."

அவர் சொன்னது சரி. காபி கொடுத்தார். குடித்துவிட்டு மில்லுக்கு வந்தேன். கேப்டன் மிஷின் ஓரத்தில் நின்றார். சத்தத்தில் காதுக்குள் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே வந்தார்.

"லிஸ்ட்டு நான்தான் குடுத்தேன்," என்றார். "ஆட்டத்துக்குக் குடுத்த லிஸ்ட்டு. உனக்குன்னு வேற லிஸ்ட்டு குடுக்கணும்னு எனக்குத் தோணல. சத்தியமா தோணல."

"தெரியும், கேப்டன்."

"சொன்னா கப்பு போவும். டீமு போவும். மேனேஜருக்குக் கோவம் வந்தா எழுத்தருக்கும் வேல போவும். சொல்லாதன்னு நான் சொல்ல மாட்டேன். நீ ஆட்ன ஆட்டம். உன் இஷ்டம்."

அவர் கண் என் முழங்காலில் இருந்தது. பிறகு உள்ளே போனார். மிஷின் நின்றால் அவரைத்தான் கேட்பார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். மில்லுக்கு இன்னும் மூன்று வருஷம் ஆடினேன். ஏறிப் போகவில்லை, மூலையில் நின்றேன். இரண்டு விரல் மடங்காமல் போனது. ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிடுவது நின்றது. நாலாவது வருஷம் மில் டீமைக் கலைத்துவிட்டார்கள். பதிலிகளையும் குறைத்தார்கள். கோமுகி அணைப் பக்கம் கரும்பு வெட்டப் போனேன். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது முழங்காலுக்குள் அதே சத்தம் இன்றைக்கும் கேட்கும். அந்தப் போராட்டத்தில் கேட்டது அவர்களுக்குப் பிறகு கிடைத்தது. கேப்டனுடைய மகன் சர்க்கார் வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான்.

மார்கழிக் கடைசி நாள். இரண்டு வருஷம் முடிகிற பதிலிகளுக்குக் கணக்கு முடிக்கிற நாள். டைம் ஆபீஸில் மேனேஜர் நாற்காலியில் இருந்தார். எழுத்தர் பேரேட்டோடு பக்கத்தில் நின்றார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். என் பெயர்தான். போய் நின்றேன்.

சணல் கட்டுகளை மேஜைமேல் வைத்தேன். எழுத்தர் பிரித்து எண்ணினார். பேரேட்டோடு சரி பார்த்தார். மெதுவாகச் செய்தார். ஒரு தடவை எண்ணி முடித்து இன்னொரு தடவை எண்ணினார்.

"ஏதாவது விட்டுப்போச்சுன்னு சொல்றியா?" என்று மேனேஜர் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அவருக்குப் பின்னால் பீரோமேல் கோப்பை இருந்தது.

எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை. அவர் கை பேரேட்டின்மேல் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆறு நாளை எனக்குத் தருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சைடர், எழுத்தர், கேப்டன் மூன்று பேரும் போவார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"இல்லீங்க," என்றேன்.

எழுத்தர் பேனாவைத் திறந்தார். மொத்தம் என்று போட்டு, எதிரில் எழுதினார்.

நானூற்று எழுபத்து நாலு.